பைண்டிங்குக்குப் போன புத்தகங்கள்

ஒரு புத்தகத்தை நூலகத்துக்குள் கொண்டுவருவதைவிட வெளியே அனுப்புவதுதான் சிரமம். வாங்குவதற்கு ஒரு பட்டியலும் ஒரு கையெழுத்தும் போதும். கழிப்பதற்கு மூன்று பிரதிகளில் பட்டியல் வேண்டும், குழு கூட வேண்டும், குழுவில் ஒருவர் வராவிட்டால் மறுபடி கூட வேண்டும், பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சிவப்பு மையில் குறிப்பு எழுத வேண்டும், கடைசியில் முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். அலுவலகப் பேச்சில் இதற்குக் கண்டம் பண்ணுவது என்று பெயர். என் பணிக்காலத்தில் ஆறு முறை கண்டம் பண்ணியிருக்கிறேன். ஒருமுறைகூடத் தணிக்கையில் கேள்வி வந்ததில்லை. மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுபோல நான் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

ஆறாவது முறை போனவற்றில் யூதர்களைப் பற்றிய பதினொரு புத்தகங்கள் இருந்தன.

கோவையில் எந்த நூலகம் என்பதை விட்டுவிடுகிறேன். இப்போது அங்கே இருப்பவர்களுக்கு இதில் பங்கில்லை. ஊரை விட்டுப் போன ஒரு வயதான பாதிரியார் இரண்டு அட்டைப்பெட்டிகளில் அந்தப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்பளிப்பை மறுக்க விதியில்லை. அதைப் படிக்க ஆளிருக்கிறதா என்று கேட்கவும் விதியில்லை. மூன்று தமிழ், எட்டு ஆங்கிலம். யூதர்களின் பண்டிகைகள், சாப்பாட்டு விதிகள், பழைய ஆசிரியர்களைப் பற்றிய கதைகள், முதல் கிறிஸ்தவர்கள் அவர்களுக்குள்ளிருந்து எப்படிப் பிரிந்து வந்தார்கள் என்ற வரலாறு. 'பிற சமயங்கள்' என்று எழுதிய அலமாரியின் அடித்தட்டில் வைத்தோம். குனிந்தால்தான் தெரியும்.

குனிந்தவர் ஒருவர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறி வருவார். உள்ளே நுழைந்ததும் குழாயடிக்குப் போய்க் கை கழுவுவார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது. பிறகு அடித்தட்டிலிருந்து ஆங்கிலப் புத்தகங்களில் பெரியதை எடுத்துக்கொண்டு, பக்கத்து அலமாரியிலிருந்து ஆங்கிலம்–தமிழ் அகராதியையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலோர மேசையில் உட்காருவார். ஒரு நாளைக்கு மூன்று பக்கம். நல்ல நாளாக இருந்தால் நான்கு.

அவரும் நானும் முதல் முறை பேசியபோதே ஒருவர் ஊரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். எங்கள் பக்கம் ஊர் பெயரைக் கேட்பதற்கு ஒரே காரணம்தான். அவருடைய அப்பா காலம்வரை வயல் கூலி. என் அப்பாவுக்குத் தோட்டம் இருந்தது. தெரிந்துகொண்ட பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை.

"சர்ச்சுல சொல்றது போதாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அய்யரு கதைய மட்டும் சொல்றாருங்க சார். அவங்க ஊட்ல என்ன பண்ணாங்க, என்ன தின்னாங்க, எழவு உழுந்தா என்ன செஞ்சாங்கன்னு ஆரும் சொல்றதில்லீங்க. கதைக்குள்ள இருக்கறவனும் மனுசன்தானுங்களே."

பாதிரியாரை அவர் அய்யர் என்றுதான் சொல்வார். படித்ததை என் மேசைக்கு வந்து இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்கள் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்றார். "உங்க லைப்ரரிக்கும் வெள்ளிக்கெழமதான் லீவு. விசாரிச்சுப் பாருங்க சார், ஏதாவது சொந்தமா இருக்கப்போவுது." கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஆரம்பத்தில் ஒரே ஜெபக்கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று படித்த அன்று சிரித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் பங்காளிச் சண்டைங்க சார். பாகம் பிரிச்ச பொறவு ஒருத்தன் ஊட்டு வாசல ஒருத்தன் மிதிக்கறதில்லீங்க."

அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்தப் பழைய ஆசிரியர்கள் எதை எடுத்தாலும் வாதாடுவார்களாம். பெரும்பான்மைப்படி முடிவு வரும். ஆனால் தோற்றவர் சொன்னதையும் அவர் பெயரோடு எழுதிவைப்பார்களாம். "தோத்தவன் பேச்சுக்கும் எடம் குடுத்திருக்காங்க சார்," என்றார். கோப்பில் மேலதிகாரி ஏற்காத குறிப்பையும் கிழிக்கக் கூடாது என்று எங்களுக்கும் விதி இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் வந்த மரியாதையைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொரு நாள், கிழிந்துபோன வேதப் புத்தகங்களை அவர்கள் எறிய மாட்டார்கள் என்றார். ஜெபக்கூடத்தில் ஓர் அறையில் சேர்த்துவைத்து, பிறகு இடுகாட்டுக்குக் கொண்டுபோய், மனிதனைப் புதைப்பதுபோலக் குழி வெட்டிப் புதைப்பார்களாம்.

"அதுக்கு எத்தன காப்பி பட்டியல் போடோணுமாமுங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "அது போடலீங்க சார்," என்றார்.

இனி விதிக்கு வருகிறேன். உள்ளே உட்கார்ந்து படித்த புத்தகங்களை மேசையிலேயே விட்டுச் செல்லவும் என்று நூலகங்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசகர்கள் தப்பான இடத்தில் செருகிவிடுவார்கள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, மாலையில் மேசையில் கிடப்பவற்றை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவோம். வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகத்துக்குத் தேதிச் சீட்டு சாட்சி. உள்ளேயே படித்த புத்தகத்துக்கு மேசைதான் சாட்சி.

அவரால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அகராதி இல்லாமல் அதைப் படிக்க முடியாது, அகராதியை வெளியே கொடுக்கக் கூடாது. ஆக, மேசையில் விட்டுப் போயிருந்தால் கணக்கில் வந்திருக்கும். அவர் விட மாட்டார். எடுத்த இடத்தில் வைத்து, உள்ளங்கையால் முதுகுகளைத் தட்டி ஒரே வரிசையாக்கிவிட்டுத்தான் கிளம்புவார்.

"ஏனுங்க, மேசை மேலயே விட்டுட்டுப் போங்க. போர்டு இருக்குதுல்லங்க."

"இருக்கட்டுமுங்க சார். எடுத்தவன் வெக்கோணும். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

எதற்காக அப்படி எழுதியிருக்கிறது என்று அவருக்கு விளக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆள் பற்றாக்குறை, அடுக்க வேண்டியதில் ஒரு புத்தகம் மிச்சம் என்று விட்டுவிட்டேன். அவருடைய மரியாதை எனக்கு வசதியாக இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் இடம் போதாமல் ஆறாவது கண்டம். ஐந்து வருடமாக யாரும் தொடாத நூல்கள் என்பது அளவுகோல். பட்டியல் எழுதிய உதவியாளர் பெண் அந்தப் பதினொன்றைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், இத அந்த பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் வாராவாரம் படிக்கறாருங்க."

"எங்க பதிவாயிருக்குது?"

"பதிவாகலீங்க சார்."

"பதிவாகலைன்னா படிக்கல அம்மணி. எழுதுங்க."

எழுதினார். அவர் சொன்னது கோப்பில் இல்லை. வாய்ப்பேச்சுக்கு விதியில் இடமில்லை. பதினொன்றிலும் முத்திரை குத்தினேன், சுருக்கொப்பமிட்டேன். உக்கடத்துப் பழைய பேப்பர்க்காரரின் வண்டி வந்து எடுத்துப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கை கழுவிவிட்டு வந்து அடித்தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். அங்கே போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இருந்தன. நெடுநேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"சார், கீழ்த்தட்டுல இருந்த புஸ்தகமெல்லாங்க?"

என் முன்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்ல வேண்டும். பொய் என்றால் இரண்டு சொல்லில் முடியும்.

"பைண்டிங்குக்குப் போயிருக்குதுங்க."

அவர் முகம் தெளிந்தது. "நல்லதுங்க சார். அந்தப் பெரிய புஸ்தகம் முதுகு உட்டுப்போச்சுங்க. நானே சொல்லோணும்னு இருந்தேன். எழவு ஊட்டுப் பகுதி முடிச்சுபோட்டேனுங்க. அடுத்து கல்யாணந்தான்."

அதன்பின் ஒவ்வொரு வாரமும் கேட்டார். "பைண்டிங் வந்துருச்சுங்களா சார்?" இன்னும் இல்லை என்றேன். டெண்டர் என்றேன். ஒப்புதல் நிலுவை என்றேன். எனக்குத் தெரிந்த நடைமுறைகள் அனைத்தும் அந்தப் பொய்க்கு உழைத்தன. ஒரு வருடம் போலக் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். வருவதை நிறுத்தவில்லை. ஜன்னலோர மேசையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு, மடித்து அதனிடத்தில் வைத்துவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போவார். என் பணி நிறைவு விழாவுக்கும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். நூலகத்துக்கு நான் ஆற்றிய தொண்டைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள்.

போன ஐப்பசியில் என் மனைவி இறந்தாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம், பிறகு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். உறவினர்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் போடப் படம் கேட்டபோதுதான் தெரிந்தது, வீட்டில் அவளுடைய தனிப்படம் ஆதார் அட்டையில் இருப்பது மட்டும்தான். அடையாள அட்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் ஆறடி உயரத்துக்குத் தெருவில் நின்றது.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கி, எரிவாயு இணைப்பு. எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல் என்பது எனக்குத் தெரியும். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால் எல்லா விண்ணப்பமும் இரண்டு நாளில் எழுதி முடிந்து, செய்ய ஒன்றுமில்லாமல் சாமியானா பந்தலில் உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எப்படிங்க ஆச்சு?" முதல் ஆளுக்குக் கால் மணி நேரம் சொன்னேன். இருபதாவது ஆளுக்குள் அது மூன்று வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. தலைப்பு, பொருள், முடிவு.

மூன்றாம் நாள் மதியம் அவர் வந்தார். யாரோ ஒரு பையன் பைக்கில் இறக்கிவிட்டுப் போனான். மெதுவாகப் பந்தலுக்குள் வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தடவி இழுத்து, எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கும்பிட்டார். அவ்வளவுதான். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. நான் அந்த மூன்று வாக்கியத்தோடு காத்திருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அப்பாவின் களத்தில் அவருடைய அப்பா நின்றுகொண்டுதான் பேசியிருப்பார். அது அநியாயம் என்பது எனக்குத் தெரியும், கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். இருந்தாலும் அவர் எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தபோது அந்தக் களத்தின் நினைவு வந்தது எனக்குத்தான். புத்தகங்களுக்கு என்ன ஆனதென்று தெரிந்துகொண்டுவிட்டார், நான் பதில் சொல்ல முடியாத இடம் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனைவி செத்து மூன்றாம் நாள் கேட்க வந்துவிட்டானே என்று கோபமும் வந்தது. கேட்கட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படி இருந்தோம். காப்பி வந்தது. அவர் தொடவில்லை. பிறகு எழுந்து மறுபடி கும்பிட்டுவிட்டு, துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற நம் ஊர் முறைப்படி சொல்லாமல் போனார்.

அந்த ஒரு மணி நேரம் என்னை விடவில்லை. மனைவியை நினைத்து அழ வேண்டிய மாதங்களில் பதினொரு புத்தகங்களை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ. உக்கடத்துக்கு நான்கு முறை போனேன். எனக்குத் தெரிந்த பேப்பர்க்காரர் சிரித்தார்.

"ஏனுங்க சார், எந்தக் காலத்துச் சரக்கு. அதெல்லாம் கூழாகி அட்டையாகி, எந்த ஊர்ல எவன் ஊட்டு மிக்சியச் சுமந்துட்டுப் போச்சோ."

சரவணம்பட்டியில் கணினி வேலையில் இருக்கும் என் மகள் கடைசியில் கேட்டாள்.

"அப்பா, புக்கு பேரு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது கண்ணு. பதிவு எண்ணும் இருக்குது."

"எண்ணெல்லாம் வேண்டாம்ப்பா."

ஃபோனில் இரண்டு தட்டுத் தட்டினாள். பல வருடமாக பைண்டிங்கில் இருந்த அந்தப் பெரிய புத்தகம் மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மெல்லிய அட்டை, புதுப் பதிப்பு.

அதைக் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முன் புரட்டினேன். அவ்வளவு வருடம் என் பொறுப்பில் இருந்தும் அதில் முத்திரை குத்தியதைத் தவிர வேறெதற்கும் நான் திறந்ததில்லை. துக்க வீட்டுப் பகுதிக்கு வந்தேன். ஏழு நாள் இழவு காப்பார்கள், கண்ணாடிகளை மூடிவைப்பார்கள் என்றெல்லாம் இருந்தது. அடுத்த பத்தியில், துக்கம் கேட்கப் போகிறவர் முதலில் பேசக் கூடாது என்று இருந்தது. துக்கப்பட்டவர் வாயைத் திறக்கும்வரை பேசாமல் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பேசவே இல்லையென்றால், அப்படியே இருந்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

எல்லா நடைமுறையும் தெரிந்தவன் நான். எனக்காக ஒருவர் ஒரு மணி நேரம் கடைப்பிடித்த நடைமுறை எனக்குத் தெரியவில்லை. அது எழுதியிருந்த புத்தகத்தை நானே வெளியே அனுப்பியிருந்தேன்.

சொல்ல வேண்டியதைப் பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். 'புத்தகம் பைண்டிங்குக்குப் போகவில்லை. நான்தான் கழித்தேன். உங்களிடம் பொய் சொன்னேன்.' மூன்று வாக்கியம். பட்டறைத் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது வாசலில் அவருடைய மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நூலகத்துக்காரர் என்றதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, உங்க லைப்ரரி சார் வந்திருக்காருங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி முகத்தைத் திருப்பிக் கும்பிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சக்கரைங்ணா," என்றார் அவர் மனைவி. "உங்க ஊட்டு எழவுக்கு வந்தப்பவே கண்ணு பாதி தெரியாதுங்க. பையன்தான் வண்டில கொண்டாந்து உட்டான். இப்ப சுத்தமா இல்லீங்க. லேத்தும் போச்சு."

நான் எதிரே உட்கார்ந்தேன். சாவு வீடு இல்லைதான். ஆனாலும் போனது ஒன்று இருந்தது, முறை தெரிந்த பிறகு மீற மனம் வரவில்லை. பேசாமல் இருந்தேன். அவரும் பேசாமல் இருந்தார். சற்று நேரத்தில் அவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது.

"என்னங்ணா, ரெண்டு பேரும் ஊமையாட்ட உக்காந்திருக்கறீங்க?" என்றார் அவர் மனைவி. "அன்னிக்கும் இப்படித்தானாமுங்க. ஒரு வார்த்த பேசல, ஒரு வாய் காப்பி குடிக்கலன்னு வந்து சொல்றாரு. எழவு கேக்கப் போனீங்களா, தூங்கப் போனீங்களான்னேன்."

"நீ போய் டீ வெய்யி," என்றார் அவர். பிறகு என் பக்கம், "சார் படிச்சுபோட்டீங்களாட்ட இருக்குது."

"படிச்சேனுங்க."

"அப்ப பைண்டிங் வந்துருச்சுங்களா?"

மூன்று வாக்கியமும் நாக்கில் இருந்தன. அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தார். நகக்கண்கள் இப்போது வெளுத்திருந்தன. இத்தனை நாள் கருப்பாகவே பார்த்த விரல்கள். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தக் கைகளில் வைத்தேன்.

"வந்துருச்சுங்க," என்றேன்.

அவர் அதை மடியில் வைத்துத் தடவினார். அட்டையின் வழவழப்பை, முதுகை, ஓரங்களை. பழைய புத்தகம் கெட்டி அட்டை, கனம் இரண்டு மடங்கு, மூலைகளில் நார் பிரிந்திருக்கும். வருடக்கணக்கில் கையில் வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. நடுவில் திறந்து பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். புது மை வாசனை எனக்கே அடித்தது. மூடினார்.

"நல்லா பண்ணியிருக்காங்க சார்," என்றார்.

அதற்குப் பிறகு சொல்ல வழியில்லை. என் பொய்யை அவர் வாங்கி, தூசி தட்டி, எனக்கே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒப்புக்கொள்வதென்றால் இனி அவரையும் பொய் சொன்னவராக்க வேண்டும்.

"கல்யாணப் பகுதி பாக்கி இருக்குதுன்னீங்களே," என்றேன். "வாரம் ஒருநா வந்து படிச்சுக் காட்டட்டுங்களா?"

"இருக்கட்டுமுங்க சார்," என்றார். "அவ்வளவு தூரம் பஸ் ஏறி வரோணும். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

டீ வந்தது. குடித்தோம். என் மகளைப் பற்றி விசாரித்தார், எனக்கும் சர்க்கரை உண்டா என்று கேட்டார், உண்டு என்றதும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்றார். நான் கிளம்பும்போது புத்தகத்தை அவர் மடியிலிருந்து எடுத்து முன்னாலிருந்த சின்ன மேசையில் வைக்கப் போனேன். அவர் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடந்து, அலமாரியைத் தொட்டுக் கண்டுபிடித்து, உள்ளே இருந்த ஜெபப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் செருகினார். உள்ளங்கையால் முதுகுகளைத் தட்டி ஒரே வரிசையாக்கினார்.

மேசையில் இரண்டு டீ டம்ளர்கள் மட்டும் இருந்தன.